செரெங்கெட்டியில் வேலியில்லாத கூடாரத்தில் தங்குவது: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: ஆப்பிரிக்காவில் வழிகாட்டியோடு, காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கும் சஃபாரி போக நான்கு பேர் திட்டமிடுகிறோம். கூடாரத்தில் தூங்குவது பாதுகாப்பா? எந்த மாதம் போகலாம், எத்தனை நாள் வேண்டும், எவ்வளவு ஆகும், என்ன எடுத்துப் போக வேண்டும்? எங்களில் இருவர் சைவம்.

பதில்:

ஆப்பிரிக்கா என்று பொதுவாகப் பேசினால் யாருக்கும் உதவாது. போட்ஸ்வானாவின் மொரேமி, கென்யாவின் மசாய் மாரா, ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா என ஒவ்வொன்றும் வேறு வேறு கணக்கு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது வடக்கு தான்சானியா. அருஷா ஊரிலிருந்து புறப்பட்டு, தாரங்கிரே, செரெங்கெட்டி என்ற இரண்டு தேசியப் பூங்காக்களையும், பழைய எரிமலை உள்வாங்கி உண்டான ங்கோரோங்கோரோ பெரும்பள்ளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி அது. பூங்காவுக்கு உள்ளேயே பொதுக் கூடார முகாம்கள் இருக்கின்றன. வண்டி, வழிகாட்டி, சமையல்காரர், கூடாரம் எல்லாம் சேர்த்து ஒரே ஏற்பாடாகக் கிடைக்கும். நிலம் திறந்த புல்வெளி என்பதால் விலங்கைத் தேடிக் கண் பூத்துப்போக வேண்டியதில்லை.

கூடாரம் என்றால் காசை மிச்சம் பிடிக்கும் வழி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் விடியற்காலை. சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி எல்லாம் நடமாடுவது பொழுது விடிந்த முதல் மூன்று நான்கு மணி நேரம். பத்து மணிக்கு மேல் நிழலில் படுத்துவிட்டால் மாலை வரை அசையாது. ங்கோரோங்கோரோவுக்கு முன்னால் இருக்கும் கராட்டு ஊரில் நல்ல விடுதியில் தங்கியவர் செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரோனெராவை எட்ட நான்கைந்து மணி நேரம் ஓட வேண்டும். செரோனெரா முகாமில் தூங்கியவர் 6 மணிக்கு வண்டியேறி 6.15-க்குப் புல்வெளியில் நிற்பார். அந்த விடியற்கால நேரத்துக்காகத்தான் கூடாரம். இதை மனதில் வைத்துக்கொண்டால், பணத்தை எதில் கொட்டுவது, எதில் குறைப்பது என்பது தானாகத் தெளிவாகும். படுக்கை சாதாரணமாக இருக்கட்டும். முகாம் பூங்காவுக்கு உள்ளே இருக்க வேண்டும், வழிகாட்டி நல்லவராக அமைய வேண்டும்.

இனி பாதுகாப்பு. முகாம்களுக்கு வேலி கிடையாது. இரவில் கழுதைப்புலி கூடாரங்களுக்கு நடுவே நடந்து போகும். யானை, காட்டெருமை வரலாம், சிங்கமும் கடந்து போகும். ஆனாலும் ஆண்டுதோறும் எத்தனையோ ஆயிரம் பேர் அங்கே தூங்கி எழுந்து வருகிறார்கள். ஜிப் முழுக்க மூடிய கூடாரத்தை விலங்குகள் பெரும்பாலும் ஒரே திடமான பொருளாகத்தான் பார்க்கின்றன. பாறையைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிப் போய்விடும். ஆபத்து மூன்று வழிகளில் வருகிறது: கூடாரத்தைத் திறந்து வைத்துத் தூங்குவது, இருட்டில் தனியாக வெளியே வருவது, உள்ளே சாப்பாட்டு வாசனை.

மூன்றாவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிஸ்கட் பொட்டலம், வாழைப்பழம், மிக்சர், ஊறுகாய் எதுவும் கூடாரத்துக்குள் கூடாது. பற்பசை, சோப்பு, வாசனை எண்ணெய்கூட வண்டியில்தான் இருக்க வேண்டும். யானைக்குப் பழ வாசனை வெகுதூரம் எட்டும். துணிச்சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கழுதைப்புலி செருப்பு, ஷூ, தோல் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு போய் மென்றுவிடும், ஆகவே காலணி கூடாரத்துக்கு உள்ளே. பகலில் பபூன் குரங்குகள் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. உள்ளே ஒன்றுமில்லை என்றால் திறக்கும் ஆசையும் அவற்றுக்கு வராது. இதில் ஒருவர் மட்டும் கட்டுப்பாடாக இருந்து பயனில்லை. பக்கத்துக் கூடாரத்துக்காரர் மாம்பழம் வைத்திருந்தாலும் யானை உங்கள் கயிற்றைத் தாண்டித்தான் போகும். முகாமுக்கு வந்ததும் நான்கு பேரும் பைகளைக் கொட்டிப் பார்த்து, தின்பண்டத்தை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டுச் சமையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரவில் கழிப்பறைக்குப் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. படுக்கும் முன் எல்லோரும் சேர்ந்து போய்விட்டு வந்துவிட வேண்டும். நடுராத்திரியில் எழ வேண்டி வந்தால், முதலில் உள்ளேயே உட்கார்ந்து ஒரு நிமிடம் காது கொடுங்கள். புல்லைப் பிய்க்கும் சத்தம் கேட்டால் மேய்கிற விலங்கு பக்கத்தில் நிற்கிறது. ஜிப்பை ஒரு சாண் திறந்து டார்ச்சைச் சுற்றிலும் மெதுவாக அடித்துப் பாருங்கள். இரண்டு கண்கள் மின்னினால் ஜிப்பை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். எதுவும் மின்னாவிட்டாலும் தூரத்துக் கழிப்பறைக்கு நடக்க வேண்டாம். வழிகாட்டியின் கூடாரத்தைக் கூப்பிட்டு எழுப்புங்கள், அதற்குத்தான் அவர் இருக்கிறார். பலரும் செய்வது, வாயகன்ற ஒரு பாட்டிலை உள்ளேயே வைத்துக்கொள்வது. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. எது நடந்தாலும் ஓடக் கூடாது. ஓடுகிற உருவம் துரத்தத் தூண்டும்.

சத்தங்களைப் பற்றி முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். சிங்கத்தின் கர்ஜனை அமைதியான இரவில் 8 கிலோமீட்டர் வரை கேட்கும். காதோரம் கேட்பதுபோல இருந்தாலும் அது இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். 'ஊ…உப்' என்று கீழிருந்து மேலேறும் குரல் கழுதைப்புலி. நாய் குரைப்பதுபோலத் தொடர்ந்து கேட்டால் வரிக்குதிரை. ங்கோரோங்கோரோ விளிம்பில், மரத்தின் மேலிருந்து யாரோ கழுத்தை நெரிக்கப்படுவதுபோல ஓர் அலறல் வரும். அது முயல் அளவே இருக்கும் மர ஹைராக்ஸ் என்ற சாதுவான பிராணி.

முகாம்களில் இரண்டு வகை உண்டு. பொது முகாமில் கழிப்பறை, குளியலறை, கம்பி வலை போட்ட சமையற்கூடம், சாப்பாட்டுக்கூடம் இருக்கும். பல குழுக்கள் ஒன்றாகத் தங்கும். செரோனெராவில் பிம்பி, நுகுச்சிரோ, டிக்டிக் ஆகியவை அப்படிப்பட்டவை. சிறப்பு முகாம் என்பது உங்கள் குழுவுக்கு மட்டும் ஒதுக்கிய வெற்று நிலம். தண்ணீர், கழிப்பறை எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் நிறுவனமே கொண்டுவந்து, குழி வெட்டி, வாளியில் வெந்நீர் ஊற்றிக் குளியலுக்கு ஏற்பாடு செய்யும். அமைதி வேண்டுமானால் இது அருமை, ஆனால் இன்னொரு வண்டியும் இரண்டு மூன்று ஆட்களும் கூடுவதால் செலவு எகிறும். முதல் பயணத்துக்குப் பொது முகாமே போதும். ஜூலை, ஆகஸ்டில் அங்கே கூட்டம் நெரியும். கூடாரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும், குளியலறைக்கு வரிசை நிற்கும். மத்தியானம் 2 மணிக்குக் குளிப்பவருக்குத்தான் வெயிலில் சூடான தண்ணீர்.

மாதம் பற்றி. வில்டபீஸ்ட் என்ற, மாடு போலிருக்கும் மான்களின் பெருமந்தை ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதனால் 'எந்த மாதம் நல்லது' என்பதை 'அந்த மாதம் எந்த மூலைக்குப் போவது' என்று மாற்றிக் கேட்க வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மந்தை தெற்கே ண்டுட்டு பக்கத்துக் குட்டைப்புல் வெளியில் இருக்கும். பிப்ரவரியில் இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடும். அந்த மண் பழைய எரிமலைச் சாம்பல். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் நிறைந்த புல் பாலூட்டும் தாய்க்கு ஏற்றது. சாம்பல் இறுகி அடியில் கெட்டித் தட்டாகிவிட்டதால் மரம் வேர்விட முடியாது, ஆகவே கன்றைக் குறிவைத்து வரும் சிவிங்கிப்புலியும் தப்பாமல் கண்ணில் படும். ஏப்ரல், மே பெருமழை. கறுப்பு மண் வழிகளில் வண்டி அச்சு வரை புதையும். கட்டணம் சற்றுக் குறைவு, கூட்டமும் இல்லை, ஆனால் முதல்முறை கூடாரத்தில் தங்குபவர்களுக்கு அந்த மாதங்களை நான் சொல்ல மாட்டேன். ஜூனில் மந்தை மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கம். ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வடக்கே கோகாட்டெண்டேயில் மாரா ஆற்றைக் கடக்கும். ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தால், செரோனெராவிலிருந்து வடக்கே போக இன்னும் நான்கைந்து மணி நேரம், அங்கே குறைந்தது இரண்டு இரவு. கரையில் ஒரு முழு நாள் காத்திருந்தும் மந்தை இறங்காமல் திரும்பிவிடுவதும் நடக்கும். நவம்பரில் குறுமழை தொடங்க, மந்தை மறுபடி தெற்கு நோக்கித் திரும்பும்.

இதையெல்லாம் சொன்னாலும், செரோனெராவில் ஆற்றோர மரங்களும் தண்ணீரும் ஆண்டு முழுக்க இருப்பதால் சிங்கமும் சிறுத்தையும் எந்த மாதமும் அங்கேயே இருக்கும். தாரங்கிரே மட்டும் ஜூலை முதல் அக்டோபர் வரை உச்சம். சுற்று வட்டாரம் காய்ந்துவிட, யானைக் கூட்டங்கள் ஆற்றை நாடி வந்து சேரும். நான்கு பேருக்கும் விடுப்பு எந்த மாதமும் கிடைக்குமானால் பிப்ரவரி அல்லது செப்டம்பர் எடுங்கள்.

எத்தனை நாள், எவ்வளவு செலவு இரண்டும் ஒரே கேள்விதான். காரணம், அனுமதிச் சீட்டின் 24 மணி நேரக் கணக்கு. செரெங்கெட்டியின் தென்வாசலான நாபி மலை வாசலில் நுழைந்த நேரம் பதிவாகும். 24 மணி நேரத்துக்கு ஒரு கட்டணம். ஒரு மணி நேரம் தாமதித்து வெளியே வந்தாலும் இன்னொரு நாள் கட்டணம் தலைக்குத் தலை கட்ட வேண்டும். கடைசி நாள் வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவதும், 'இன்னும் பத்து நிமிஷம் நிற்கலாமே' என்றால் முகம் சுருங்குவதும் இதனால்தான். இன்னொன்று, அருஷாவிலிருந்து செரெங்கெட்டிக்குப் போகும் சாலை ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியைக் கடந்தே போகிறது. சும்மா கடந்து போவதற்கும் அந்தப் பகுதியின் முழுக் கட்டணம் உண்டு, திரும்பும்போது மறுபடியும் உண்டு.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 5 நாள், 4 இரவு, நான்கு பேர் ஒரு வண்டியில். முதல் நாள் அருஷாவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் தாரங்கிரே, இரவு கராட்டு. இரண்டாம் நாள் ங்கோரோங்கோரோவைக் கடந்து மத்தியானம் 2 மணிக்கு நாபி வாசல். இரண்டு இரவு செரோனெரா. நான்காம் நாள் காலை முழுக்கச் சுற்றிவிட்டு 2 மணிக்குள் வெளியே, மாலை ங்கோரோங்கோரோ விளிம்பில் சிம்பா முகாம். ஐந்தாம் நாள் விடிந்ததும் பள்ளத்துக்குள் இறக்கம், மத்தியானத்துக்குள் ங்கோரோங்கோரோவின் லோடுவாரே வாசலில் வெளியே வந்துவிட்டால் அந்த 24 மணி நேரமும் சரியாக முடியும். 18 சதவீத வரி சேர்த்து, வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு அண்மைக் கட்டணங்கள் தோராயமாக இவை: தாரங்கிரே 59 டாலர், செரெங்கெட்டி நாளொன்றுக்கு 82.60, இரண்டு நாளுக்கு 165, ங்கோரோங்கோரோ 70.80, இரண்டு முறைக்கு 142. பொது முகாம் இரவுக்கு 35.40, மூன்று இரவுக்கு 106; பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு 295, நான்காகப் பிரித்தால் 74. கூட்டினால் தலைக்கு ஏறக்குறைய 546 டாலர் அரசுக் கட்டணமாகவே போய்விடுகிறது. கட்டணங்கள் அவ்வப்போது மாறும், பதிவு செய்யும்போது புதிய அட்டவணையைக் கேளுங்கள். மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை சற்றுக் குறையும்.

இதன்மேல் வண்டி, டீசல், வழிகாட்டி சேர்த்து நாளொன்றுக்கு 200 டாலருக்குக் குறையாமல் ஆகும், ஐந்து நாளுக்குத் தலைக்கு 250. சமையல்காரர், சாப்பாடு, கூடாரம், கராட்டு இரவு எல்லாம் சேர்த்து இன்னொரு 150 முதல் 200. ஆக, நிறுவனத்தின் லாபத்தையும் சேர்த்தால் நேர்மையான விலை தலைக்கு 1,100 முதல் 1,400 டாலருக்குள் இருக்கும். இதே பயணத்தை ஒருவர் 700 டாலருக்குத் தருவதாகச் சொன்னால், கட்டணம் போக மிச்சம் 154. அதில் டயரும் சம்பளமும் சாப்பாடும் அடங்காது. ஏதோ ஒன்றை வெட்டுவார்: முகாமைப் பூங்காவுக்கு வெளியே போடுவார், வழியில் முன்பின் தெரியாத மூன்று பேரை ஏற்றுவார், இல்லாவிட்டால் சமையல்காரருக்குச் சம்பளமே தராமல் டிப்ஸை நம்பி அனுப்புவார். கடைசியாகச் சொன்னது பயணிக்குத் தெரியவே தெரியாது. அதுதான் மனதை உறுத்துகிறது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தாலா எனப்படும் சுற்றுலா உரிமம் இருக்கிறதா, தாட்டோ என்ற தான்சானியச் சுற்றுலா நடத்துவோர் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். பிறகு இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஒவ்வோர் இரவும் தங்கும் முகாமின் பெயர் என்ன? 'செரெங்கெட்டி முகாம்' என்று மட்டும் வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டியில் மொத்தம் எத்தனை பேர், எல்லோருக்கும் சன்னலோர இருக்கை உண்டா? மேல்கூரை திறக்கும் லேண்ட் குரூசர்தானே, மாற்று டயர் இரண்டு உண்டா? நாபிக்கு முன்னும் பின்னும் சாலை துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக இருக்கும், டயர் வெடிப்பது அங்கே சாதாரணம். ஸ்லீப்பிங் பேக் அவர்கள் தருவதா, எத்தனை டிகிரி வரை தாங்கும்? சமையல்காரர் கூட வருகிறாரா, வழிகாட்டியே சமைக்கிறாரா? வழிகாட்டியே சமைப்பதானால் மாலைச் சுற்று சீக்கிரம் முடிந்துவிடும். பூங்காக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடுவீர்களா? வாசல்களில் ரொக்கம் வாங்குவதில்லை. அங்கே போய்ச் சரிபார்க்க நின்றால் ஒரு மணி நேரம் வெயிலில் போகும்.

வழிகாட்டியின் பெயரையும் அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்பதையும் கேட்பது தவறில்லை. நல்ல வழிகாட்டி ரேடியோவில் வரும் தகவலைத் துரத்திக்கொண்டே ஓட மாட்டார். ஒட்டகச்சிவிங்கிகள் எல்லாம் ஒரே திசையில் பார்த்து நின்றால் அங்கே போவார். கழுகுகள் இறங்குவதையும், கினிக்கோழியின் எச்சரிக்கைக் குரலையும் கவனிப்பார். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவர் கிடைத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். 'சிங்கம் பார்த்தாச்சு, அடுத்தது என்ன' என்று அவசரப்படுத்தினால் நல்ல வழிகாட்டியும் உங்களுக்கு ஏற்ற மாதிரி பட்டியலை டிக் அடிக்க ஓட்டத் தொடங்கிவிடுவார்.

உடல்நலம். தான்சானியாவில் மலேரியா உண்டு, அதுவும் பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை. நம் ஊரில் காலங்காலமாகத் தெரிந்த குளோரோகுயின் அங்கே பலிக்காது. அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற தடுப்பு மாத்திரையைப் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்த பின் 7 நாள் சாப்பிட வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பின் 4 வாரம். வெயிலில் தோல் எரியும் குணமும் அதற்கு உண்டு, நாள் முழுக்கத் திறந்த கூரையில் நிற்பவருக்கு அது தொல்லை. எது ஏற்றது என்று மருத்துவர் சொல்ல வேண்டும். ஊர் திரும்பி மாதக்கணக்கான பிறகு காய்ச்சல் வந்தாலும் 'தான்சானியா போயிருந்தேன்' என்று முதல் வாக்கியமாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயத்தில் பலர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காய்ச்சல் பரவும் நாடுகளிலிருந்து வருபவரிடம் தான்சானியா சான்றிதழ் கேட்கும். அப்படிப்பட்ட நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் நின்றாலும் கேட்கும். துபாய், தோஹா வழியாகப் போனால் இந்தச் சிக்கல் இல்லை. நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போவதானால் போட்டுக்கொள்வதே நல்லது, ஏனென்றால் திரும்பும்போது இந்தியாவிலும் கேட்கலாம், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும். 60 வயது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாதவர்களும் மருத்துவரிடம் பேசாமல் போடக் கூடாது.

செட்சி ஈ என்று ஒன்று உண்டு. தாரங்கிரேயிலும் செரெங்கெட்டியின் மேற்குப் பகுதியிலும் அதிகம். மெல்லிய சட்டைக்கு மேலேயே குத்தும், கொசு விரட்டி அதனிடம் அவ்வளவாக எடுபடாது. நீலமும் கறுப்பும் அதை இழுக்கும். வழியில் மரங்களில் தொங்கும் நீல-கறுப்புத் துணிகள் அதைப் பிடிக்க வைத்த பொறிகள்தான். ஆகவே ஜீன்ஸ் வேண்டாம். காக்கி, மண் நிறம், சாம்பல் பச்சை போதும். ராணுவப் புள்ளி உடை மட்டும் கூடவே கூடாது, அங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டவிரோதம்.

மருத்துவமனை வெகுதூரம் என்பதால் விமானத்தில் தூக்கிச் செல்லும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுங்கள். நைரோபியிலிருந்து இயங்கும் அம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவையில் உங்கள் நிறுவனம் உங்களைச் சேர்க்கிறதா என்றும் கேளுங்கள்.

சாமான். சூட்கேஸ் வேண்டாம். சக்கரமில்லாத மெத்தென்ற துணிப்பை, 15 கிலோவுக்குள். கூடாரமும் அடுப்பும் அடைத்த வண்டிப் பின்புறத்தில் கெட்டிப் பெட்டி நுழையாது. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துக் கம்பளி எடுக்காமல் போவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. சிம்பா முகாம் கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல், ஊட்டியை ஒத்த உயரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் 5 டிகிரிக்கும் கீழே போகும். பனிமூட்டத்தில் கூடாரம் உள்ளேயே நனைந்துவிடும். 0 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக், குல்லா, காலுறை, உள்ளே போடும் வெப்ப உடை கட்டாயம். கூடாரம் அடிக்கும்போது தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, தலை மேட்டுப்பக்கம் வருமாறு போடச் சொல்லுங்கள்.

தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று, கூடுதல் பேட்டரியோடு. 8×42 பைனாகுலர் இரண்டு பேருக்கு ஒன்றாவது வேண்டும். கேமராவைவிட இது முக்கியம் என்பேன். கேமரா எடுப்பதானால் 400 மில்லிமீட்டர் வரை எட்டும் லென்ஸ். முக்காலி வண்டிக்குள் பயன்படாது. ஒரு காலித் துணிப்பையைக் கொண்டுபோய் அருஷாவில் ஒன்றரைக் கிலோ அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக் கட்டினால், கூரை விளிம்பில் வைத்து லென்ஸைத் தாங்க அதைவிட நல்லது இல்லை. தூசி மாவாகப் பறக்கும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். மின்செருகு பெரும்பாலும் பிரிட்டிஷ் வகை, மூன்று தட்டை முள். நம் ஊர் உருண்டை முள் அதில் நுழையாது. ஜூன் 2019 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. கடைப் பைகளில் துணி சுற்றி எடுத்துப் போகாதீர்கள்.

சைவச் சாப்பாடு அங்கே பெரிய கஷ்டமில்லை. சப்பாத்தி அந்நாட்டு உணவாகவே ஆகிவிட்டது, பெயரும் அதேதான். சோறு, மஹராகே எனும் பயறுக் குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல், நம் தண்டுக்கீரையின் உறவான ம்ச்சிச்சா கீரை எல்லாம் சமையல்காரர்கள் நன்றாகவே செய்வார்கள். சிக்கல் வருவது சூப்பில். காய்கறி சூப்புக்கும் மாட்டிறைச்சிச் சாறு கட்டியைப் போடுவது அவர்கள் வழக்கம், அதைத் தவறாகவும் நினைக்க மாட்டார்கள். 'இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது' என்று பிரித்துப் பிரித்து முன்பே எழுதிக் கொடுங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம், சமையல் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மத்தியானச் சாப்பாடு பொட்டலம்; அதில் பாதியாவது இறைச்சியாக இருக்கும், ஆகவே காலையில் புறப்படுமுன் திறந்து பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கிறதா என்பதையும் அப்போதே எண்ணிவிடுங்கள்.

ங்கோரோங்கோரோ பள்ளத்தில் ங்கோய்டோக்கிடோக் குளக்கரையில் எல்லா வண்டிகளும் சாப்பிட நிற்கும். வெளியே நின்று பொட்டலத்தைத் திறந்தால் பருந்து பின்னாலிருந்து பாய்ந்து கையிலிருப்பதைப் பறித்துப் போகும், நகம் கிழித்துவிடும். வண்டிக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டுப் பிறகு இறங்குங்கள். பள்ளம் சுமார் 600 மீட்டர் ஆழம், 260 சதுர கிலோமீட்டர் பரப்பு. காண்டாமிருகம் பார்க்க இந்தப் பயண வழியில் நல்ல வாய்ப்புள்ள இடம் அதுவே. ஆனால் அது பெரும்பாலும் தூரத்தில் ஒரு கரும்புள்ளியாகத்தான் நிற்கும், பைனாகுலர் இல்லாதவருக்கு அது காண்டாமிருகமா பாறையா என்றே தெரியாது. 6 மணிக்கு வாசல் திறக்கும்போது முதல் சில வண்டிகளில் ஒன்றாக இறங்க வேண்டும். 9 மணிக்குமேல் ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது வண்டி நிற்கும்.

வண்டியில் இருக்கும்போது எழுந்து நிற்கலாம், கூரை விளிம்புக்கு வெளியே உடம்பை நீட்டக் கூடாது. வண்டியின் உருவத்தோடு சேர்ந்திருக்கும் வரை விலங்கு உங்களைத் தனி ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. யானை காதை விரித்துத் தலையை உயர்த்தினால் அது எச்சரிக்கை. ஆண் யானையின் கன்னத்தில் மதநீர் வழிந்த கறை தெரிந்தால் வழிகாட்டி தூரத்திலேயே நிறுத்திவிடுவார். செரெங்கெட்டி பூங்காவுக்குள் தடத்தை விட்டு விலகி ஓட்டத் தடை. படத்துக்காக உள்ளே ஓட்டச் சொல்லி வழிகாட்டியை நெருக்காதீர்கள், பிடிபட்டால் அபராதமும் வேலைக்கு ஆபத்தும் அவருக்கு. சிவிங்கிப்புலி வேட்டைக்குப் பதுங்கும்போது வண்டி குறுக்கே போனால் அதன் அன்றைய சாப்பாடு போச்சு. அது பகலில் வேட்டையாடும் விலங்கு, சிங்கம் மாதிரி இரவில் ஈடுகட்டிக்கொள்ளாது. தயவுசெய்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

நடுவழியில் சிறுநீர் கழிக்க வேண்டுமானால் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். அந்நாட்டு மொழியான சுவாஹிலியில் அதற்கு 'குச்சிம்பா தாவா', மருந்து தோண்டுவது என்று நாகரிகமாகச் சொல்வார்கள். சொன்னால் வழிகாட்டி சுற்றிலும் பார்த்து, திறந்த இடத்தில் நிறுத்துவார். வண்டியின் பின்பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். நேரம் சொல்வதிலும் ஒரு குழப்பம் வரலாம். சுவாஹிலிக் கணக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில், நம் பழைய நாழிகைக் கணக்கைப் போல. 'சா மோஜா', அதாவது ஒரு மணி, என்றால் நம்முடைய காலை 7. சமையல்காரர் நேரம் சொன்னால் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மசாய் மக்களைப் பற்றி ஒன்று. 1959-இல் செரெங்கெட்டியிலிருந்து அவர்களை வெளியேற்றித்தான் ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதி தனியாக அமைக்கப்பட்டது. அதில் அவர்கள் மாடு மேய்த்து வாழலாம் என்பது அன்றைய ஏற்பாடு. சாலையோரம் நிற்கும் சிறுவர்களையும் மாடுகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நிறுத்தி, இறங்கி, 'சோபா' என்று வணக்கம் சொல்லிக் கேட்டுவிட்டு எடுங்கள்.

டிப்ஸ் அங்கே சம்பளத்தின் ஒரு பகுதி மாதிரி. குழு முழுவதும் சேர்ந்து வழிகாட்டிக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 டாலர், சமையல்காரருக்கு 10 முதல் 15 டாலர் என்பது வழக்கம். கடைசி நாள் அருஷா வந்ததும், இருவருக்கும் தனித்தனி உறையில், அவரவர் கையிலேயே கொடுங்கள். மொத்தமாக ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்ல வேண்டாம். டாலர் நோட்டு கிழியாததாக, புதிய அச்சாக இருக்க வேண்டும். 2009-க்கு முன் அச்சடித்த நோட்டை அங்கே பல இடங்களில் வாங்க மாட்டார்கள். அதை டிப்ஸாகக் கொடுத்தால் அவர் மாற்ற முடியாமல் திண்டாடுவார்.